மரியாதை தெரிந்த புழுக்கள்

ஆனைமலையில் செவ்வந்தி வீடு எது என்று கேட்டால், எந்தச் செவ்வந்தி என்று திருப்பிக் கேட்பார்கள். பங்கு போடுகிற செவ்வந்தி என்று சொல்ல வேண்டும். உடனே வழி காட்டுவார்கள். சிலர் வாசல் வரைக்கும் கூட வந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

தொண்ணூற்று மூன்றில் அவளுக்கு முப்பத்தாறு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கணக்கில் வகுப்பிலேயே முதல் மார்க் அவள்தான், ஆனால் தோட்டத்து வேலைக்கு ஆள் பற்றவில்லை என்று அப்பன் நிறுத்திவிட்டான். அதை நினைத்து அவள் உருகிக்கொண்டிருக்கவில்லை. பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தலையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு தன்னை யாரும் ஏமாற்ற முடியாதபடி பார்த்துக்கொண்டாள். புருஷன் சின்னானுக்கு நார் மில்லில் வேலை. பேச்சு குறைந்த மனிதன். வீட்டுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் செவ்வந்தியே பேசிவிடுவதால் அந்தக் குறை யாருக்கும் தெரிந்ததில்லை.

அவளோடு சேர்த்து எட்டுப் பெண்கள் ஒரு கூட்டமாகக் கூலி வேலைக்குப் போவார்கள். கடலைக்காய் ஆய்கிற வேலை என்றால் மற்ற கூட்டங்களில் அவரவர் ஆய்ந்த அளவுக்குத்தான் கூலி. செவ்வந்தியின் கூட்டத்தில் அந்தப் பேச்சே கிடையாது. எட்டுப் பேர் ஆய்ந்ததும் ஒரே குவியலாகக் கொட்டப்படும், எட்டாகப் பிரிக்கப்படும். ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்திக்குக் கைக்குழந்தை, பாவாத்தாளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு ஒறம்பரை வீட்டுக்கு விருந்தாக வந்து பாதி நாள் போய்விடும். சோம்பேறிக்கு நல்ல சௌகரியம் என்று தோட்டக்காரர்கள் கேலி செய்வார்கள். எனக்கு மஞ்சள்காமாலை வந்து மூன்று மாதம் படுத்திருந்தபோது என் பங்கை ஆய்ந்து கொடுத்ததே இந்தச் சோம்பேறிகள்தான் என்று செவ்வந்தி பதில் சொல்வாள். அவள் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு எங்கே வந்தது என்றால், இதே நல்ல குணத்தை அவள் புழுக்களுக்கும் காட்டிவிட்டாள்.

ஆனைமலைக்கு மேலே சரிவில் ஒரு தேக்குத் தோப்பு இருந்தது. ஒவ்வொரு வருஷமும் கோடை மழை இரண்டு பெய்ததும் தேக்கில் தளிர் விடும். விட்ட சூட்டோடு சின்னச் சின்னப் புழுக்கள் வந்து ஏறி, இலையை நரம்பு கூட மிச்சமில்லாமல் தின்றுவிடும். தின்கிற நாட்களில் தோப்புக்குள் நின்றால் தூறல் போடுகிற மாதிரி சத்தம் கேட்கும். அண்ணாந்து பார்த்தால் வானம் சுத்தமாக இருக்கும். உதிர்வது மழையல்ல, புழுவின் எச்சம். இந்தப் புழுவைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஒரு திட்டம் வந்தது. மரம் மரமாகப் போய்ப் புழுவை எண்ணி எழுத ஆள் வேண்டும் என்றார்கள். செவ்வந்தியின் கூட்டத்துக்கு அந்த வேலை கிடைத்தது.

எப்பேர்ப்பட்ட வேலை அது. வேட்டி ஒன்றை மரத்தடியில் விரித்து, தொரட்டியால் கிளையை இழுத்துக் குலுக்கி, விழுந்ததை எண்ண வேண்டும். அவ்வளவுதான். மரம் எல்லாம் ஆறு வயது இளமரம், கிளை எட்டும். தலைக்கு மேல் நிழல். தோட்டங்களில் வேலை இல்லாத மாதங்களில் கூலி. எல்லாவற்றையும் விட, குனியாமல் செய்கிற வேலை. இருபது வருஷமாகக் குனிந்தே பிழைத்த எட்டுப் பேர், முதல் முறையாக நிமிர்ந்து, மேலே பார்த்துக்கொண்டு சம்பாதித்தார்கள். சாயங்காலம் வீடு திரும்பும்போது இடுப்பு வலிக்கவில்லை என்பதே அவர்களுக்கு அதிசயமாக இருந்தது. இந்த வேலையை யார் விடுவார்கள்.

மேற்பார்வைக்கு பாலகோபால் என்றொருவர் இருந்தார். கெட்டவர் அல்ல, ஆனால் ஆபீஸ் மொழியை அப்படியே விழுங்கிவிட்டு வந்து ஒப்பிப்பவர். முதல் நாளே எட்டுப் பேரையும் நிற்க வைத்து, பொய் நம்பர் எழுதினால் பெயரை அடித்துவிடுவார்கள், அப்புறம் காட்டு வேலை எதிலும் தலை காட்ட முடியாது என்று சொல்லி வைத்தார்.

மூன்றாம் நாள் சங்கடம் வந்தது. பாவாத்தாளுக்குக் கிடைத்த வரிசையில் இருபது மரத்தைக் குலுக்கியும் வேட்டியில் ஒரு புழு விழவில்லை. அவளும் உள்ளதை உள்ளபடி இருபது சைபர் போட்டாள். இரண்டு வரிசை தள்ளி ஒருத்தி ஒரே மரத்தடியில் உட்கார்ந்து முந்நூறு, முந்நூற்றைம்பது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கமாக வந்த பாலகோபால் பாவாத்தாளின் தாளை வாங்கிப் பார்த்தார். ஏம்மா, நல்ல தூக்கமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பாவாத்தாள் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சோற்றுப் போசியை மூடி வைத்துவிட்டு அழுதாள்.

செவ்வந்திக்குப் பொறுக்கவில்லை. ஒருத்திக்கு சைபர், ஒருத்திக்கு முந்நூறு, இதென்ன நியாயம் என்று தோன்றியது. எட்டுப் பேர் எண்ணியதையும் கூட்டினாள். ஆயிரத்து எண்ணூறு. மரம் நூற்றறுபது. வகுத்தால் மரத்துக்குப் பதினொன்று, மீதி நாற்பது. மீதியை எறிய முடியுமா? எட்டு வரிசைக்கும் சமமாக, முதல் ஐந்து மரங்களுக்கு ஒவ்வொன்று கூட்டிக் கொடுத்தாள். எட்டுத் தாளையும் அவளே அழகாக எழுதினாள். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, அப்புறம் வரிசையாகப் பதினொன்று. எண்ணியது எண்ணியதுதான், ஒரு புழு கூட்டவில்லை, ஒரு புழு குறைக்கவில்லை. எனவே இது பொய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பாலகோபால் சாயங்காலம் தாள்களை வாங்கிப் பார்த்து, இப்போதுதான் வேலை வேலை மாதிரி இருக்கிறது என்றார்.

அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. நம்பர்கள் தபாலில் கோயம்புத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தன.

அங்கே அந்தத் தாள்களைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பெயர் யாகூப். முப்பத்து நான்கு வயது. கோட்டைமேட்டில் வீடு, பீளமேட்டில் ஒரு கல்லூரியில் கணித விரிவுரையாளர், டாக்டர் பட்டத்துக்கும் படித்துக்கொண்டிருந்தார். பூச்சி எங்கே தொடங்கும், எங்கே குவியும், அங்கிருந்து எங்கே பரவும் என்பதைச் சமன்பாடாக எழுதுவது அவர் வேலை. அந்துப்பூச்சி கூட்டமாக வந்து தளிர் விட்ட சில மரங்களில் மட்டும் முட்டை வைக்கும், ஆகவே புழு திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், ஒரு திட்டில் வளர்ந்தது அந்துப்பூச்சியாகி அடுத்த திட்டைப் பிடிக்கும் என்று மூன்று வருஷம் உழைத்து ஒரு சமன்பாடு எழுதியிருந்தார். செவ்வந்தியின் நம்பர்களைக் கம்ப்யூட்டரில் போட்டதும் அந்தச் சமன்பாடு பிணமாக விழுந்தது. திட்டாவது, குவியலாவது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தது போல மரத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு என்று புழுக்கள் உட்கார்ந்திருந்தன.

நேரில் போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். போகவில்லை. காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. புழு என்றால் அவருக்குப் பயம். காகிதத்தில் கோடிக்கணக்கான புழுக்களோடு பழகியவர், கத்தரிக்காயில் ஒன்றைப் பார்த்தால் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

நம்பர் தப்பாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. அவ்வளவு சுத்தமான தாள்கள் அவை. தன் புத்திதான் தப்பு என்று முடிவு செய்தார். கையால் தானியத்தை இறைத்தால்கூட ஓரிடத்தில் மூன்றும் ஓரிடத்தில் ஒன்பதும் விழும். எங்கும் சமமாக இருக்கிறது என்றால் புழுவே அப்படி ஏற்பாடு செய்துகொள்கிறது என்றுதான் அர்த்தம். ஆகவே பழைய சமன்பாட்டை ஒரு பையில் கட்டி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டு, புதிதாக ஒன்று எழுதினார். அதன்படி ஒவ்வொரு புழுவும் மற்ற புழுவுக்கு இடம் விட்டு ஒதுங்கும். நீங்க இருங்க, நான் அடுத்த மரத்துக்குப் போய்க்கறேனுங்க என்று சொல்லிவிட்டு நகரும். மனிதர் கோயம்புத்தூர்க்காரர், புழுவுக்கும் அந்த ஊர்ப் பழக்கத்தைக் கொடுத்துவிட்டார். வரிசையின் முதல் ஐந்து மரங்களில் மட்டும் ஒன்று கூடுதலாக இருப்பது ஏன் என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கமும் எழுதினார். பாதை ஓரத்தில் வெளிச்சம் அதிகமாம்.

இந்த விஷயம் ஆராய்ச்சி ஆபீசுக்குப் பிடித்துப்போயிற்று. மரியாதை தெரிந்த புழு எங்கும் சமமாக இருக்கிறதென்றால் மருந்தையும் தோப்பு முழுக்க அடிக்க வேண்டியதுதான். எண்ணுகிற வேலையை இன்னும் மூன்று வருஷம் நீட்டிப்பது என்றும், அதே எட்டுப் பேரையே வைத்துக்கொள்வது என்றும் பேச்சு நடந்தது. பாலகோபால் வந்து சொன்னபோது எட்டு வீட்டிலும் அன்று பாயசம்.

தொண்ணூற்று ஐந்து மே மாதம், இரண்டாம் மழை பெய்த நான்காம் நாள், யாகூப் உக்கடத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சியில் மாறி, ஆனைமலை வந்து இறங்கினார். ஆகஸ்டில் ஆராய்ச்சிப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும், அதில் ஒரு போட்டோ போட வேண்டும், அதற்காகப் பயத்தையும் மீறி வந்திருந்தார். கழுத்தில் கேமரா. கையில் எட்டுத் தேங்காய் பன்.

தோப்பு வாசலில் எட்டுப் பேரையும் பார்த்துக் கும்பிட்டார். ஆளுக்கொரு பன் கொடுத்தார். இவ்வளவு சுத்தமான கணக்கைத் தான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை என்றார். தன்னுடைய மூன்று வருஷ வேலை தப்பு என்று காட்டியது இந்த எட்டுப் பேர்தான், அதற்கு நன்றி சொல்லத்தான் முதலில் வந்ததாகச் சொன்னார். அப்புறம் புழுக்கள் ஒன்றுக்கொன்று இடம் விட்டு ஒதுங்குகிற அழகை, கைகளை விரித்து, முகம் மலர விளக்கினார்.

பெண்கள் பன்னைக் கடித்த வாயோடு நின்றார்கள். தான் போட்ட பங்கு ஒரு படித்த மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்று செவ்வந்திக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் கேமராவைச் சரி செய்ய ஒதுங்கிய நேரத்தில் கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. தோப்புக்குள் போனதும் அவரே பார்த்துவிடுவார், இந்த வருஷம் மழை மாறிவிட்டது, புழுவும் பழக்கத்தை மாற்றிக்கொண்டது என்று சொல்லிவிடலாம் என்றாள் ஒருத்தி. யாருக்குத் தெரியப்போகிறது? நம்பும்படியாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னால் எட்டுப் பேர் பெயரும் அடிபடும், மறுபடி கடலைக்காட்டில் குனிய வேண்டியதுதான். சொல்லாவிட்டால் மூன்று வருஷம் நிழல்.

பாவாத்தாள்தான் கடைசியில் பேசினாள். அவள் முந்தின வாரம்தான் மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் வந்திருந்தாள். அநியாயம் நடந்தவர்கள் மிளகாய் அரைத்து அம்மனுக்குப் பூசி முறையிடும் கோயில் அது.

"அந்த மனுசன் நம்ம மேல மொளகா அரைக்கமாட்டாருங்கக்கா. பன்னு வாங்கிக் குடுக்கறாரு. அதுதான் எனக்குப் பயமா இருக்குது. சொல்லிப்போடுங்க. என்னால வந்ததுதானே" என்றாள்.

செவ்வந்தி முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"சார், ஒண்ணு சொல்லோணுங்க. அந்தப் புழுவுக்கு மரியாதையெல்லாந் தெரியாதுங்க. நாந்தான் பங்கு போட்டுப்போட்டேன்."

யாகூபுக்கு விளங்கவில்லை. பாவாத்தாளின் இருபது சைபரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவர் இமை கொட்டாமல் கேட்டார்.

"முதல் அஞ்சு மரத்துல ஒண்ணு சாஸ்தியா இருந்துதுங்களே?"

"அது மீதிங்க சார். வகுத்தா வருமில்லீங்களா, அது."

யாகூப் தன் இரண்டு பக்க விளக்கத்தை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, சைபர் இருந்துதுங்களா?"

"நெம்ப இருந்துதுங்க. பத்து மரம் குலுக்குனா ஏழு மரம் சைபருங்க."

"மிச்சம் மூணு?"

"ரெண்டுல பத்து, இருவது இருக்குமுங்க. ஒண்ணுல எண்ணி மாளாது."

யாகூப் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மயக்கம் என்று நினைத்து ஒருத்தி தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். தனக்குப் பிள்ளை பிறந்த சேதியைக் கேட்டவர் போல, ஏழு சைபருங்களா, ஏழு சைபருங்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அலமாரிக்கு மேல் கட்டிப் போட்டிருந்த சமன்பாடு பத்துக்கு ஏழு சைபர் வரும் என்றுதான் சொன்னதாம். அதைப் பிணம் என்று நினைத்து இரண்டு வருஷம் துக்கம் காத்திருக்கிறார் மனிதர்.

சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. இதை ஆபீசுக்கு எழுதாமல் இருக்க முடியாது என்றார்.

"உங்க வேலைக்கு என்னாகும்னு எனக்குச் சொல்லத் தெரியலீங்கக்கா. நல்லதா எழுதறேன். அதுக்கு மேல என் கையில இல்லீங்க."

செவ்வந்தி தலையாட்டினாள். பயம் இருந்தது, ஆனால் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியும் இருந்தது. பதில் வரும் வரைக்கும் எண்ணிக்கொண்டிருக்கலாமா என்று கேட்டாள். எண்ணுங்கள், இந்த முறை பங்கு மட்டும் வேண்டாம் என்றார் யாகூப்.

அந்த மூன்று வாரம் எட்டுப் பேருக்கும் திருவிழா மாதிரி இருந்தது என்றால் நம்ப வேண்டும். போகப் போகிற வேலைதானே என்று மனம் இலேசாகிவிட்டதோ என்னவோ. ஒரு மரத்தில் நானூறு, அடுத்த மரத்தில் சைபர் என்று உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். செவ்வந்தியின் கை மட்டும் கொஞ்ச நாள் கேட்கவில்லை. நானூற்றைப் பார்த்ததும் பக்கத்து மரத்துக்கு ஒரு ஐம்பதாவது தள்ளிவிடலாமே என்று விரல் துடிக்கும். பாவாத்தாள் பக்கத்தில் நின்று காவல் காத்தாள்.

சனி, ஞாயிறு யாகூப் வந்துவிடுவார். கட்டம் போட்ட பெரிய தாளை மரத்தடியில் விரிப்பார். ஒரு கட்டம் ஒரு மரம். புழு உள்ள கட்டத்துக்குச் சிவப்புப் பென்சில் தீட்ட வேண்டும், அதிகம் என்றால் அழுத்தித் தீட்ட வேண்டும். பெண்கள் போட்டி போட்டுத் தீட்டினார்கள். முதல் வாரம் தாளின் மேல் மூலையில், ஓடைக்கரையில், அம்மைத் தழும்பு அளவுக்கு ஒரு சிவப்பு. மற்றதெல்லாம் வெள்ளை. அடுத்த வாரம் அந்தச் சிவப்பு அடர்ந்தது, பக்கத்தில் அதிகம் பரவவில்லை. அங்கே வளரும் புழு அந்துப்பூச்சியாகிப் பறந்தால் எங்கே போய் இறங்கும் என்பதுதான் இனிக் கேள்வி. சமன்பாட்டுக்குக் காற்றும் தளிரும் தெரிய வேண்டும் என்றார் யாகூப். அவருக்கு அவை தெரியாது. பெண்களுக்குத் தெரியும். பொழுது சாய்ந்ததும் காற்று கணவாய்ப் பக்கமிருந்து சரிவில் இறங்கும், கீழ்ப்பாத்தி மரங்கள் மேலே உள்ளதற்குப் பதினைந்து நாள் பிந்தித்தான் தளிர்க்கும் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். புழுவின் மேல் இருந்த பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் ஒன்று அவர் சட்டைக் கையில் ஏறியபோது எழுந்து ஓடவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டு செவ்வந்தியைக் கூப்பிட்டார். அதுவே முன்னேற்றம்தான்.

அடுத்த முறை வந்தபோது தாளில் மூன்று வட்டம் போட்டுக் கொண்டுவந்தார். ஜூன் முதல் வாரத்தில் இந்த மூன்று இடத்தில் புழு குவியும், மற்ற இடத்தில் அநேகமாக ஒன்றும் இராது என்றார். அதே தேதியில் ஆபீசிலிருந்து அதிகாரி வருவதாகக் கடிதமும் வந்திருந்தது.

அதிகாரியின் பெயர் பிரான்சிஸ். சூலூர்க்காரர், கறாரான மனிதர். ஜீப்பிலிருந்து இறங்கியதுமே விஷயத்தைச் சொல்லிவிட்டார். எட்டுப் பேரின் பெயரையும் அடிக்கிற உத்தரவு டைப் அடித்துச் சட்டைப் பையில் இருக்கிறது, கையெழுத்துத்தான் பாக்கி. மருந்து தோப்பில் கால்வாசிக்குத்தான் வந்திருக்கிறது, எங்கே அடிப்பது என்று தெரியாமல் தவிக்கிறேன், இரண்டு வருஷக் கணக்கும் குப்பையாகிவிட்டது என்று எரிச்சலோடு சொன்னார். யாகூப் அரை நாள் அவகாசம் கேட்டார். மூன்று இடத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். சரி, ஆனால் நானே குலுக்குவேன், நானே எண்ணுவேன், இனி யார் எண்ணியதையும் நம்புவதாக இல்லை என்றார் பிரான்சிஸ்.

முதல் வட்டத்தில் ஒரு புழு இல்லை. பத்து மரம் குலுக்கினார், வேட்டி வேட்டியாகவே கிடந்தது. பிரான்சிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பாலகோபால் வானத்தைப் பார்த்தார். யாகூப் வட்டம் போட்ட தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செவ்வந்தியின் கண்ணுக்கு முன்னால் கடலைக்காடு வந்து நின்றது.

இரண்டாவது வட்டம் கீழ்ப்பாத்தியில் இருந்தது. போகிற வழியெல்லாம் இலைகள் முழுசாக இருந்தன. செவ்வந்தி கால் போன போக்கில் நடந்தாள். சட்டென்று ஒருத்தி அவள் கையைப் பிடித்து நிறுத்தி, காதைக் காட்டினாள். தூறல் சத்தம். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பிரான்சிஸ் தொரட்டியை மாட்டி ஒரு இழு இழுத்தார். வேட்டியில் பாதி, அவர் தலையில் பாதி. மனிதர் அசரவில்லை, சட்டைக் காலருக்குள் போனதையும் எடுத்துப் போட்டு எண்ணினார். எண்ண எண்ண அவர் குரல் மாறிக்கொண்டே வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு. எழுதத் தாள் கேட்டார். தாள்களை முதல் வட்டத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றார் பாலகோபால். பிரான்சிஸ் சட்டைப் பையில் கைவிட்டு அகப்பட்ட காகிதத்தை எடுத்து, அதன் பின்பக்கத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார். அது எந்தக் காகிதம் என்று எட்டுப் பேருக்கும் தெரிந்தது.

அடுத்த மரம் பத்தடி தள்ளி நின்றது. குலுக்கினார். ஒன்றும் விழவில்லை. மறுபடி குலுக்கினார், கிளையை வளைத்து இலையைத் திருப்பிப் பார்த்தார், வேட்டியை உதறிப் பார்த்தார். பக்கத்து மரத்தில் முந்நூறு இருக்கும்போது இதில் ஒன்றுகூட இல்லை என்று எழுத அவர் கை வரவில்லை. பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. எழுதினால் யார் நம்புவார்கள், சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டார்களா என்கிற கவலை அந்தப் பெரிய மனிதரின் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

பாவாத்தாள் இரண்டடி முன்னால் வந்தாள்.

"சைபர்னே போடுங்க சார். ஒண்ணும் ஆகாது."

பிரான்சிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். கடிதத்தில் எழுதியிருந்த, இருபது சைபர் போட்டு அழுத பெண் இவள்தானா என்று யாகூபைக் கேட்டார். யாகூப் ஆமாம் என்றார். பிரான்சிஸ் குனிந்து, முந்நூற்றுப் பன்னிரண்டுக்குக் கீழே, பெரிதாக ஒரு சைபர் போட்டார்.

அதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. மூன்றாவது வட்டத்திலும் புழு இருந்தது, சொன்ன இடத்துக்கு இருபது மரம் தள்ளி இருந்தது. மூன்றில் இரண்டு என்பது தனக்குப் போதும் என்றார் பிரான்சிஸ், கால்வாசிக்கு வந்த மருந்திலேயே மிச்சம் இருக்கும். ஆனால் மழை பெய்ததிலிருந்து முதல் திட்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், இல்லாவிட்டால் சாரின் சமன்பாடு எதை வைத்து ஓடும் என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். கையிலிருந்த காகிதத்தை யாகூபிடம் நீட்டினார். அதன் ஒரு பக்கத்தில் எட்டுப் பெயர்களும், மறுபக்கத்தில் அவருடைய கணக்கும் இருந்தன.

"இது இனி உங்க கணக்கு. பத்திரமா வெச்சுக்குங்க. ஆபீசுக்கு நான் வேற எழுதிக்கறேன்."

பிறகு எட்டுப் பேர் பக்கம் திரும்பி, அடுத்த வருஷம் மழைக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடச் சொன்னார். செவ்வந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அவளுக்கு இப்படி ஆவது அதுதான் முதல் தடவை. வாரோமுங்க என்று எட்டுப் பேருக்கும் சேர்த்துப் பாவாத்தாள்தான் சொன்னாள்.